சாவதற்கும் உரிமை உண்டா?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இராஜகிரியில் ஏறி இறங்கிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வல்லம், மேல்சித்தாமூர்ப் பக்கத்து மக்களுக்கு மட்டும் இன்னொரு குன்றும் நன்றாகத் தெரியும். செஞ்சி நகருக்கு வடக்கே, சிறுகடம்பூரை ஒட்டி நிற்கும் திருநாதர்குன்று அது. அங்கே ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களை, வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசைகளில் செதுக்கியிருக்கிறார்கள். அதே குன்றில் ஒரு சிறு கல்வெட்டும் உண்டு. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் இது என்பதே அதன் செய்தி. எழுத்தின் அமைப்பைப் பார்த்து, அது ஏறத்தாழ கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்கிறார்கள் அறிஞர்கள். பிற்காலத்தைச் சேர்ந்த இன்னொரு கல்வெட்டு, இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து இறந்ததைக் கூறுகிறது.

சந்திரநந்தி செய்தது தற்கொலையா? அவருக்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்த சீடர்கள் தற்கொலைக்கு உடந்தையா? இது என்ன வேடிக்கையான கேள்வி என்று எண்ணாதீர்கள். இதே கேள்வியை இந்திய நீதிமன்றம் ஒன்று 2015-ல் கேட்டது. 'ஆம்' என்று பதிலும் சொன்னது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

57 நாள் என்பது கல்வெட்டுக்காரர் கூட்டிச் சொன்ன கணக்கா? உடலியல் அப்படிச் சொல்லவில்லை. உணவு நின்றதும், கல்லீரலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு உடல் தசைப் புரதத்தைக் கரைத்து மூளைக்கு வேண்டிய குளுக்கோசைத் தயாரிக்கிறது. இப்படியே போனால் சில வாரங்களில் கதை முடிந்துவிடும். ஆனால் உடல் சிக்கனம் அறிந்தது. சில நாள்களில் அது கொழுப்பை எரிக்கத் தொடங்கி, அதிலிருந்து கிடைக்கும் கீட்டோன் பொருள்களை மூளைக்குக் கொடுக்கிறது. தசை அழிவது மட்டுப்படுகிறது. கொழுப்பும் தீர்ந்த பின்னரே இதயத் தசை வரைக்கும் கரையத் தொடங்கும். தண்ணீர் மட்டும் குடித்துவருகிற ஒருவர் ஏறத்தாழ இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க முடியும். ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் இறந்தது 58-ஆம் நாள். லாகூர்ச் சிறையில் 1929-ல் ஜதீந்திரநாத் தாஸ் இறந்தது 63-ஆம் நாள். 1981-ல் வட அயர்லாந்துச் சிறையில் உயிர்விட்ட பத்துப் பேரும் 46 முதல் 73 நாள் வரை தாங்கினார்கள். எனவே செஞ்சிக் கல்வெட்டின் கணக்கை நாம் அப்படியே நம்பலாம்.

சமணர்கள் இந்த நோன்பைச் சல்லேகனை என்பார்கள். நினைத்தவுடன் யாரும் இதை மேற்கொள்ள முடியாது. நீங்காத இடர், பஞ்சம், தளர்ந்த முதுமை, தீராத நோய் ஆகியவை நேர்ந்து, அறத்தோடு வாழ வழியில்லை என்ற நிலை வந்தால்தான் மேற்கொள்ளலாம் என்று சமந்தபத்திரர் தம் நூலில் விதி வகுத்திருக்கிறார். உணவையும் ஒரே நாளில் விட்டுவிடுவதில்லை. முதலில் திட உணவு, பிறகு பால் போன்றவை, பிறகு கஞ்சிநீரும் வெந்நீரும் எனப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். இதில் நோக்கம் வினை நீக்கம். வலி நீக்கம் அன்று. ஆகவே இதைக் கருணைக் கொலை என்று சொல்ல முடியாது. ஆனாலும் சட்டம் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுப் பார்த்தது. அது ஏன் என்று அறிய நாம் சற்றுத் தொலைவு போய்வர வேண்டும்.

மேல்நாட்டில் எழுந்த விவாதம்

'யூத்தனேசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'நல்ல சாவு' என்பதே பொருள். அதில் கொலை என்பதே இல்லை. நாம்தான் தமிழில் 'கருணைக் கொலை' என்று பெயர் வைத்தோம். இப்பெயர் நமக்குப் பெரிய உபகாரம் எதுவும் செய்யவில்லை என்பது என் கருத்து. நிலத் தகராறிலும் கடன் தொல்லையிலும் சிக்கியவர்கள், "எங்களைக் கருணைக் கொலை செய்துவிடுங்கள்" என்று கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் செய்தியை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! ஒரு மருத்துவச் சொல் இங்கே நீதி கேட்கும் கூக்குரலாக மாறிவிட்டது.

மருத்துவர் ஒருவரே நோயாளியின் உயிரை வலியின்றி முடிக்கலாமா என்ற விவாதம் 19-ஆம் நூற்றாண்டில்தான் பொது அரங்குக்கு வந்தது. காரணம் எளியது. அதற்கு முன் மருத்துவர் கையில் அதற்கான கருவி இல்லை. மார்ஃபினும், 1847-ல் வந்த குளோரோபாரமும் அந்த ஆற்றலை அவருக்குக் கொடுத்தன. 1870-ல் இங்கிலாந்தில் சாமுவேல் வில்லியம்ஸ் என்பவர், தீராத நோயாளி விரும்பிக் கேட்டால் குளோரோபாரம் கொடுத்து முடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். வில்லியம்ஸ் டாக்டர் அல்லர், பள்ளி ஆசிரியர். 1935-ல் இதற்கென்று ஒரு சங்கமே அங்கே தோன்றியது. 1936 டிசம்பரில் பிரபுக்கள் சபைக்கு ஒரு மசோதாவும் வந்தது. அதை எதிர்த்துப் பேசியவர்களில் அரச குடும்பத்து மருத்துவர் டாசன் பிரபு ஒருவர். இவையெல்லாம் டாக்டரின் மனச்சாட்சிக்கு விடவேண்டியவை, சட்டம் எதற்கு என்பது அவர் வாதம். மசோதா 35-க்கு 14 என்ற வாக்குகளில் தோற்றது.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1986-ல், டாசனின் சொந்தக் குறிப்புகள் வெளியாயின. மசோதா தோற்ற அதே 1936-ஆம் ஆண்டு ஜனவரி 20 இரவு, மரணப் படுக்கையில் நினைவிழந்து கிடந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு அவரே மார்ஃபினும் கோக்கெயினும் ஊசி மூலம் செலுத்திச் சாவை விரைவுபடுத்தியிருந்தார்! அதற்கு அவர் எழுதிவைத்த காரணங்களுள் ஒன்றைக் கேளுங்கள்: மன்னரின் மரணச் செய்தி தரம் குறைந்த மாலைப் பத்திரிகைகளில் வராமல், காலையில் டைம்ஸ் இதழில் முதலில் வரவேண்டும். மன்னரை யாரும் கேட்கவில்லை. சட்டம் வேண்டாம், மனச்சாட்சி போதும் என்று சொல்பவர்கள் இந்த இரவை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

ஜெர்மனியில் நடந்ததோ இதைவிட நூறு மடங்கு கொடியது. 1939-ல் ஹிட்லர் கையெழுத்திட்ட ஒரு தாள், குணப்படுத்த முடியாதவர்களுக்குக் 'கருணைச் சாவு' அளிக்க டாக்டர்களுக்கு அதிகாரம் கொடுத்தது. 1941 ஆகஸ்டுக்குள் மனநோயாளிகளும் உடல் ஊனமுற்றவர்களுமாக ஏறத்தாழ 70,000 பேர் நச்சு வாயுவுக்கு இரையானார்கள். கத்தோலிக்க ஆயர் காலன் பிரசங்க மேடையில் இதை வெளிப்படையாகக் கண்டித்த பிறகே அந்த வாயுக் கூடங்கள் நின்றன. அதற்கு அப்பாலும் ஊசியாலும் பட்டினியாலும் கொலை தொடர்ந்தது. போருக்குப் பின் பல ஆண்டுகள் இப்பேச்சையே யாரும் எடுக்கக் கூசினார்கள்.

மறுபடி எடுக்க வைத்தது ஓர் இயந்திரம். 1952-ல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுக்குழாயில் குழல் பொருத்திக் கையால் காற்றை அழுத்திச் செலுத்தி நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். அதிலிருந்து செயற்கைச் சுவாசக் கருவிகள் பெருகின. பலரைப் பிழைக்க வைத்த அதே கருவி, சிலரைப் பிழைக்கவும் விடாமல் இறக்கவும் விடாமல் நிறுத்தி வைத்தது. மீளும் நம்பிக்கையற்ற நோயாளிக்கு அசாதாரணச் சிகிச்சைகளைத் தொடர வேண்டிய கடமை இல்லை என்று 1957-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் கூறினார். 1976-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், நினைவிழந்து கிடந்த கேரன் குவின்லன் என்ற இளம்பெண்ணின் சுவாசக் கருவியை எடுக்க அவர் தந்தைக்கு அனுமதி தந்தது. கருவியை எடுத்ததும் இறந்துவிடுவார் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். அவரோ தாமாகவே மூச்சுவிட்டு, நினைவு திரும்பாமலே 1985 வரை உயிரோடிருந்தார். 'கருவியை எடுப்பது' வேறு, 'கொல்வது' வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

நெதர்லாந்து இன்னும் மேலே போயிற்று. நோயாளி தாமே தெளிவாகக் கேட்டால் டாக்டர் உயிரை முடிக்கலாம் என்ற சட்டம் அங்கே 2002 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெல்ஜியமும் அதே ஆண்டு அவ்வழியில் சென்றது.

சபர்மதிக் கன்றுக்குட்டி

நம் நாட்டில் இந்த விவாதத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு கன்றுக்குட்டி. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று மீளாத நோயில் கிடந்து துடித்தது. காந்தியடிகள் ஒரு டாக்டரை அழைத்து, ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. கோபமான கடிதங்கள் மலைபோல் குவிந்தன. அகிம்சையை உயிராகக் கருதும் வைணவர்களும் சமணர்களும் அதிர்ந்து போனார்கள். காந்தி மறைக்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை; தம் இதழ்களில் வரிக்கு வரி பதில் எழுதினார். மனிதருக்கும் இது பொருந்துமா என்று கேட்டவர்களுக்கு, பொருந்தும் என்றார். ஆனால் நான்கு நிபந்தனைகள் போட்டார். நோய் தீராததாக இருக்க வேண்டும். சுற்றியிருப்போர் அனைவரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எந்தப் பணிவிடையும் பயன்படாத நிலை வந்திருக்க வேண்டும். நோயாளி தம் விருப்பத்தைச் சொல்ல இயலாதவராக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கூடாது.

நான்காவது நிபந்தனையைக் கவனித்தீர்களா? இன்றைய சட்டங்கள் நோயாளியின் விருப்பத்தைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன. காந்தியோ, விருப்பத்தைக் கேட்கவே முடியாத நிலையில்தான் மற்றவர் முடிவு செய்யலாம் என்றார். கேட்க முடிந்தால் கேட்க வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

காந்தியின் சீடர் வினோபா பாவே 1982 நவம்பரில் பவுனார் ஆசிரமத்தில் மாரடைப்பால் நோயுற்றார். சில நாள்களில் உணவையும் மருந்தையும் மறுத்துவிட்டார். பிரதமர் இந்திரா காந்தியே நேரில் போய்ப் பார்த்தார். வினோபா மனம் மாறவில்லை. 15-ஆம் தேதி உயிர் பிரிந்தது. அவர் மீது எவரும் வழக்குப் போடவில்லை. ஆனால் அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவு இருந்தது. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்ற 1860-ஆம் ஆண்டுப் பிரிவு அது. இறந்தவரைத் தண்டிக்க முடியாது. பிழைத்துவிட்ட துயரக்காரரைத் தண்டிக்கலாம் என்பது விசித்திரமான நீதிதான்.

அதே சட்டத்தில் பலர் அறியாத ஒன்றும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தாமே இசைந்து பிறர் கையால் இறந்தால், கொன்றவர் செய்தது முழுக் கொலைக் குற்றம் ஆகாது. அதைவிடக் குறைந்த குற்றமே. 300-ஆம் பிரிவின் ஐந்தாவது விதிவிலக்கு அது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. இசைவு இருந்தாலும் குற்றம் குற்றமே. ஆனால் இசைவுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அன்றே ஏற்றுக்கொண்டார்கள்.

நீதிமன்றங்களின் படிகள்

309-ஆம் பிரிவை நீக்கலாம் என்று சட்டக் கமிஷன் 1971-லேயே பரிந்துரைத்தது. 1978-ல் ராஜ்யசபை அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. லோக்சபை கலைந்ததால் அது செத்துப்போயிற்று. பிறகு நீதிமன்றங்கள் முறை எடுத்தன. 1986-ல் மும்பை உயர் நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. மறு ஆண்டே ஆந்திர உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. 1994-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், வாழும் உரிமைக்குள் வாழாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தார்கள். இரண்டே ஆண்டில், கியான் கௌர் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். வாழும் உரிமையில் சாகும் உரிமை கிடையாது என்றார்கள். ஆனால் கூடவே, இயற்கையாக முடிந்துகொண்டிருக்கும் ஓர் உயிர் கண்ணியமாக முடிவது வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்றும் சொன்னார்கள். பின்னால் வந்த எல்லாத் தீர்ப்புகளும் அந்த ஒரு சொற்றொடரைப் பற்றிக்கொண்டே நடந்தன.

அருணா ஷான்பாக்கின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நர்ஸ். 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளைக்கு இரத்தம் செல்லாமல் நினைவிழந்தார். அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் சென்றார். 2011 மார்ச் 7-ஆம் தேதி நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் மனுவைத் தள்ளினார்கள். அருணாவுக்கு உண்மையான உறவு, தலைமுறை தலைமுறையாக அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டிவந்த அந்த மருத்துவமனை ஊழியர்களே என்றார்கள். ஊழியர்களோ அவர் வாழட்டும் என்றார்கள். அத்தனை ஆண்டுப் படுக்கையிலும் அவருக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். 2015 மே மாதம் நிமோனியாவால் அருணா இறந்தார். அவர் வழக்கில்தான் முதன்முதலாக, உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழி திறந்தது. அவருக்குத் திறக்காத கதவு மற்றவர்களுக்குத் திறந்தது.

2018 மார்ச் 9-ஆம் தேதி, 'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005-ல் தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் இதை அடிப்படை உரிமையாகவே உறுதி செய்தார்கள். மருந்து கொடுத்து உயிரை முடிப்பது இன்றும் குற்றம். பயன் தராத சிகிச்சையை நிறுத்தி இயற்கைக்கு விட்டுவிடுவது குற்றமன்று. இதற்கிடையே 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்று கூறியது. 2024 ஜூலை முதல் 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவின்படி குற்றம்.

இனி செஞ்சிக்குத் திரும்புவோம். சல்லேகனை தற்கொலையே என்று 2006-ல் ராஜஸ்தானில் ஒருவர் தொடுத்த வழக்கில், 2015 ஆகஸ்ட் 10-ல் அம்மாநில உயர் நீதிமன்றம் அதைத் தண்டனைக்குரிய குற்றம் என்றது. சமணர்கள் நாடெங்கும் வாய்பேசா ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சந்திரநந்தி குற்றவாளியா என்ற கேள்வி அப்படி அந்தரத்தில் நின்றது.

தெற்கே நடப்பது

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர், மதுரை, தேனிப் பகுதிகளில், 'தலைக்கூத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. படுக்கையில் விழுந்துவிட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, குடும்பத்தாரே சாவை வரவழைப்பது. 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர், தம் பிள்ளைகள் பேசிக்கொண்டதைக் கேட்டு வீட்டைவிட்டு ஓடி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்த பிறகுதான் வெளி உலகம் இதைக் கவனித்தது.

இதைச் செய்பவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். கூலிக்குப் போனால்தான் சோறு என்ற வீட்டில் ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாக இருப்பவரை யார் பார்ப்பது? ஆனாலும் திருநாதர்குன்றையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே முடிவெடுத்தவர் இறப்பவர். ஊரார் அருகில் நின்றார்கள். இங்கே முடிவெடுப்பவர்கள் ஊராரும் உறவினரும். இறப்பவர் ஓடிப்போக வேண்டியிருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜும் கேட்கப்படவில்லை, இந்த முதியவரும் கேட்கப்படவில்லை. அரண்மனைக்கும் ஓலைக் குடிசைக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேற்றுமை இல்லை.

வலி தாங்காமல் சாவைக் கேட்பவர் பலருக்கு வேண்டியது வலி நீங்குவதுதான். 1967-ல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அதைச் செய்து காட்டினார். நம் நாட்டில் 1986-ல் மும்பையிலும், 1993-ல் கோழிக்கோட்டிலும் அப்பணி வேரூன்றியது. மார்ஃபின் மலிவான மருந்து; ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014-ல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. உலகுக்கே அபினி விளைவித்துக் கொடுத்த நாட்டில், புற்றுநோயாளி வலியில் கத்தியபடி இறந்த ஆண்டுகள் அவை.

உங்கள் விருப்பத்தை நீங்களே முன்கூட்டி எழுதி வைக்க இப்போது வழி உண்டு. 2018-ல் இதற்கு மாஜிஸ்டிரேட்டின் கையொப்பம் வேண்டும் என்று விதித்திருந்தார்கள். எனவே எழுதியவர்கள் மிகச் சிலரே. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை எளிதாக்கியது. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனத்தோடு இருக்கும் எவரும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தாம் பேச முடியாத நிலையில் தமக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதையும் அதில் குறிக்க வேண்டும். அந்த நிலை வரும்போது, சிகிச்சை தரும் டாக்டரும் அத்துறையில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட குழு ஒன்று பார்க்கும். அதன் முடிவை வேறு டாக்டர்கள் அடங்கிய இரண்டாவது குழு சரிபார்க்கும். சிகிச்சையை நிறுத்துமுன் மாஜிஸ்டிரேட்டுக்குத் தகவல் போகும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். எழுதியவர் மனம் மாறினால், எந்த நேரத்திலும் எழுத்து மூலமாக அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.